எண்ணெய் ஊற்றியது யார்?

2012இல் சென்னைக்கு வெளியே தமிழ்நாட்டில் இருந்தவர்களிடம் அந்த வருடத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. நாளுக்குப் பத்து, பன்னிரண்டு மணி நேரம் மின்வெட்டு. நான் அப்போது பொறியியல் கடைசி வருடம். சித்தையன்கோட்டையிலிருந்து தினமும் பஸ்ஸில் கல்லூரிக்குப் போய் வந்துகொண்டிருந்தேன். செமஸ்டருக்கு முந்தைய இரவுகளில் அரிக்கேன் விளக்குதான். கரண்ட் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது என்பதால் விளக்கை நம்பிப் படிப்பதே புத்திசாலித்தனம்.

சில வருடம் கழித்து, பெங்களூரில் வேலைக்குச் சேர்ந்த புதிதில், அந்த இரவுகளைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினேன். இருள், தனிமை, சின்னஞ்சிறு சுடர், அது எனக்குக் காட்டிய பாதை என்று எல்லாம் இருந்தது. நண்பர்கள் பாராட்டினார்கள். பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது அப்பத்தாவுக்கு வாசித்துக் காட்டினேன். முழுசாகக் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டது.

"ஏன்டா, அந்தச் சீமெண்ணெய் எங்கிட்டு இருந்து வந்துச்சுன்னு எழுதலையே?"

எனக்குத் தெரியாது என்பதுதான் உண்மை. கேஸ் இருக்கிற கார்டுக்கு ரேஷனில் சீமெண்ணெய் குறைவு. மாசக் கடைசியில் தீர்ந்துபோகும். என்னோடு பள்ளியில் படித்தவன் ஒருவனின் அம்மா, இரண்டு தெரு தள்ளி இருந்த ராவுத்தர் வீட்டு அம்மா, தன் பங்கில் பாதியை அப்பத்தாவுக்கு ஊற்றிக் கொடுத்திருக்கிறார். பதிலுக்கு இங்கிருந்து தேங்காய் போயிருக்கிறது. இரவு ஒரு மணிக்கு விளக்கு மங்கும்போது யாரோ வந்து தூண்டிவிட்டுப் போனது மங்கலாக நினைவிருக்கிறது. நான் புத்தகத்திலிருந்து தலையை எடுக்கவில்லை.

அந்தக் கட்டுரையை இப்போது எங்கும் தேடாதீர்கள், எடுத்துவிட்டேன். ஆனால் அதற்குப் பிறகு தமிழில் விளக்கு வருகிற இடத்தையெல்லாம் அந்தக் கேள்வியோடுதான் வாசிக்கிறேன். நம் இலக்கியத்தில் விளக்குக்குப் பஞ்சமே இல்லை. பட்டிமன்ற மேடை முதல் பாடநூல் உரை வரை அதற்கு நாம் சொல்லும் பொருளும் ஒன்றுதான்: ஒளி என்றால் ஞானம், இருள் என்றால் அறியாமை. இந்த வாசிப்பு சுடரை மட்டும் பார்க்கிறது. அதன் கீழே அகல், திரி, எண்ணெய், எண்ணெய் ஊற்றும் கை என்று ஒரு முழு ஏற்பாடு இருக்கிறது. நம் நல்ல கவிஞர்கள் அதை மறக்கவில்லை. மறந்தது நாம்தான்.

முதலில் சொல்லையே பாருங்கள். விளக்கு என்றால் தீபம். விளக்கு என்றால் எடுத்துச் சொல். விளக்கு என்றால் தேய்த்துக் கழுவு. பாத்திரம் விளக்குகிறோம், பல் விளக்குகிறோம். விமர்சகர்கள் முதல் இரண்டையும் சேர்த்து நிறைய எழுதியிருக்கிறார்கள். மூன்றாவது பொருளை யாரும் சீண்டுவதில்லை. வெள்ளிக்கிழமை காலையில் புளியும் சாம்பலும் வைத்துப் பித்தளைக் குத்துவிளக்கின் தண்டில் ஏறிய எண்ணெய்ப் பிசுக்கைத் தேய்க்கும் ஒருவருக்குத்தான் இந்த மூன்றும் ஒரே சொல் என்பது புரியும். விளக்கை விளக்கினால்தான் விளக்கு.

இன்னொரு சொல், தூண்டுதல். இன்றைக்கு அது மனசைச் செய்வது, கலவரத்தைச் செய்வது. எங்கள் துறையில் ட்ரிகர் என்பதற்குத் தமிழ் தேடினால் இதுதான் கிடைக்கும். கரிந்த திரியை மேலே தள்ளிவிடுவதற்கும் இதே சொல்தான். எரிகிற ஒன்றைத் தொடர்ந்து எரியவைக்க விரல் சுட்டுக்கொள்ளும் ஒரு சிறிய வேலை அது.

இனி நெடுநல்வாடைக்கு வருகிறேன். நக்கீரரின் 188 அடிப் பாட்டு. பத்துப்பாட்டில் எனக்கு மிகப் பிடித்தது. அதை வாடைக்காற்றின் பாட்டு என்பார்கள், பிரிவின் பாட்டு என்பார்கள், அகமா புறமா என்று இன்னும் சண்டை போடுவார்கள். நான் அதை மூன்று விளக்குகளின் பாட்டாக வாசிக்கிறேன்.

முதல் விளக்கு ஊருக்குள். மழை மூடிய வானம், சூரியன் இல்லை, பொழுது தெரியவில்லை. தட்டில் பறித்து வைத்த பிச்சி மொட்டு விரிந்து மணக்கிறது. அதை வைத்து மாலை வந்துவிட்டது என்று பெண்கள் அறிகிறார்கள். பிறகு இரும்பு விளக்கில் ஈரத் திரியைக் கொளுத்துகிறார்கள். இந்த ஈரம் எண்ணெயில் நனைந்த ஈரம் என்று கொள்வதே வழக்கம். ஆனால் அந்த மழையில் வாசிக்கும்போது எனக்கு என்னவோ நமுத்துப்போன திரியும் சேர்ந்தே கண்ணில் படுகிறது. சடங்கு இருக்கிறது, நெல்லும் மலரும் தூவித் தொழுகிறார்கள். ஆனால் அதற்கு முன்னால் நேரம் கண்டுபிடிக்கிற வேலையும் திரி பற்றவைக்கிற வேலையும் இருக்கின்றன. நக்கீரர் அவற்றைத் தாண்டிப் போகவில்லை.

இரண்டாவது, அரண்மனையில். யவனர் செய்த பாவை, அதன் கையில் அகல், அகல் நிறைய நெய், பருத்த திரி. ஏற்றுமதி இறக்குமதி, கலைப்பொருள், ரோமானியத் தொடர்பு என்று வரலாற்று ஆசிரியர்கள் இந்த இடத்தை மேற்கோள் காட்டிக் காட்டித் தேய்த்துவிட்டார்கள். அவர்கள் நிற்கிற இடத்துக்கு அடுத்து ஒரு சிறு துண்டு வருகிறது: நெய் வற்ற வற்ற, அவ்வப்போது அதைச் சரிசெய்தார்கள் என்று. யார் சரிசெய்தார்கள்? பெயர் இல்லை. பாவை சிலை, அதற்குக் கை இருந்தும் ஊற்ற முடியாது. தூங்காமல் கட்டிலில் கிடக்கும் அரசியைச் சுற்றி, இன்னொருத்தியும் தூங்காமல் இருந்திருக்கிறாள். அரசியின் விழிப்புக்குப் பாட்டு இருக்கிறது. இவளுடைய விழிப்புக்கு ஒரு வினையெச்சம்தான். ஆனாலும் அந்த வினையெச்சத்தை எழுதியதால்தான் நக்கீரர் பெரிய கவிஞர் என்பேன். சும்மா யவனப் பாவை என்று வியந்துவிட்டுப் போயிருக்கலாம்.

மூன்றாவது, பாசறையில். வாடை அடிக்கும்போதெல்லாம் விளக்கின் பருத்த சுடர் நுடங்கித் தெற்கே சாய்கிறது. வடக்கிலிருந்து காற்று, அதனால் தெற்கே சாய்வு. எவ்வளவு துல்லியம்! அந்தச் சாய்ந்த வெளிச்சத்தில்தான் அரசன் காயம்பட்டவர்களை ஒவ்வொருவராகப் பார்த்துக்கொண்டு போகிறான். இந்த வெளிச்சத்தை ஞானம் என்று வாசிக்க முடியுமா என்ன? புண்ணைப் பார்க்கத் தேவைப்படும் வெளிச்சம் அது.

நெடுநல்வாடை பெயர் சொல்லாமல் விட்ட ஆளை முல்லைப்பாட்டு காட்டிவிடுகிறது. நப்பூதனாரின் 103 அடிகள், பத்துப்பாட்டிலேயே சிறியது. அங்கே பாசறையில் இடுப்பில் வாள் கட்டிய பெண்கள் நெய் ஊற்றும் குழாயோடு திரிகிறார்கள். விளக்கு நந்தும்போதெல்லாம் மறுபடி ஏற்றுகிறார்கள். பக்கத்திலேயே நீர்க்கடிகாரம் பார்த்து நாழிகை சொல்பவர்கள், தூக்கத்தில் ஆடும் காவலர்கள். ஒரு நைட் ஷிஃப்ட் முழுசாக இருக்கிறது. 'நந்து' என்ற சொல்லை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கெடுதல், அணைந்துபோதல். எங்கள் வீட்டில் இன்றைக்கும் விளக்கை அணை என்று சொல்லக் கூடாது, குளிர வை என்றுதான் சொல்ல வேண்டும். சங்கக் கவிஞனுக்கு அந்தப் பயம் இல்லை. விளக்கு என்றால் நந்தும், நந்தினால் மாட்ட வேண்டும், அவ்வளவுதான்.

எண்ணெய் இல்லாத விளக்கு எங்கே ஆரம்பிக்கிறது? எனக்குத் தோன்றுவது, அறத்துப்பாலில். வாய்மைதான் சான்றோருக்கு விளக்கு, மற்ற விளக்கெல்லாம் விளக்கே இல்லை என்கிறது 299ஆம் குறள். கம்பீரமான வாக்கியம்தான். ஆனால் அந்த விளக்கைத் துடைக்க வேண்டாம், தூண்டவும் வேண்டாம். (பொருட்பாலுக்குப் போனால் 753இல் பொய்யாத விளக்கு என்ற அதே பட்டம் பணத்துக்குக் கிடைக்கிறது. வள்ளுவரை ஒரே ஒரு குறளால் மடக்க நினைப்பவர்கள் கவனிக்க.) காமத்துப்பால் எழுதும்போது அதே வள்ளுவருக்கு விளக்கு அணையும் என்பது ஞாபகம் வந்துவிடுகிறது. விளக்கு எப்போது ஓயும் என்று இருள் பார்த்துக்கொண்டே இருப்பதுபோல, தழுவிய கை எப்போது தளரும் என்று பசலை பார்த்துக்கொண்டே இருக்கிறது. 1186. இரண்டில் எது கவிதை என்று கேட்டால் நான் யோசிக்கவே மாட்டேன்.

பக்தி இலக்கியத்தைப் பற்றி ஒரு தப்பான எண்ணத்தோடுதான் நான் உள்ளே போனேன். விளக்கு முழுக்க உருவகமாகிவிட்ட காலம் என்று நினைத்திருந்தேன். திருக்கோவலூர்க் கதை என்னைத் திருத்தியது. மழை இரவு, ஒடுங்கிய இடைகழி. ஒருவர் படுக்கலாம், இருவர் இருக்கலாம், மூவர் நிற்கலாம். மூன்று ஆழ்வார்கள் நின்றுகொண்டிருக்க, நான்காவதாக யாரோ நெருக்குவது தெரிகிறது. யார் என்று பார்க்க விளக்கு வேண்டும். பொய்கையார் பூமியை அகலாக்கி, கடலை நெய்யாக்கி, சூரியனைச் சுடராக வைக்கிறார். பூதத்தார் அன்பை அகலாக்கி, ஆர்வத்தை நெய்யாக்கி, உருகும் மனசைத் திரியாக்குகிறார். உருவகம்தான், ஆனால் பாகங்கள் ஒன்றுகூட விட்டுப்போகவில்லை. ஒருவேளை விளக்கேற்றித் தெரிந்தவர்கள் எழுதியதால் இருக்கலாம், சுடரை மட்டும் தூக்கிக்கொண்டு ஓட முடியவில்லை. மூன்றாமவர் பேயாழ்வார் விளக்கே ஏற்றுவதில்லை. கண்டதைச் சொல்கிறார். இரண்டு பேர் எண்ணெய்ச் செலவு செய்ததில் மூன்றாமவருக்குக் கிடைத்த காட்சி அது. அரிக்கேன் வெளிச்சத்தில் படித்துப் பாஸான எனக்கு இந்த மூன்றாமவரின் சௌகரியம் நன்றாகவே புரியும்.

இங்கிருந்து கல்வெட்டுக்குப் போகலாம். சோழர் காலக் கோயில்களில் நந்தா விளக்கு வைப்பதற்கு ஒரு கணக்கு உண்டு. ஒரு விளக்கு இரவும் பகலும் அணையாமல் எரிய நாளுக்கு ஒரு உழக்கு நெய். அதற்குப் பெரும்பாலும் 90 அல்லது 96 ஆடுகள். தஞ்சைப் பெரிய கோயில் கணக்கில் 96 ஆடு ஒரு விளக்கு. ஆடு இல்லையென்றால் 48 பசு, அல்லது 16 எருமை. வேட்டையில் கைதவறி ஆளைக் கொன்றவனுக்குப் பிராயச்சித்தமாக விளக்கு வைக்கச் சொன்ன கல்வெட்டுகள்கூட உண்டு. கொடுக்கும் ஆடுகளுக்கு ஒரு பெயர் உண்டு: சாவா மூவாப் பேராடு. சாகாத, கிழடு தட்டாத ஆடு.

முதன்முதலில் இதைப் படித்தபோது ஆட்டுக்கு இப்படியொரு காவியப் பெயரா என்று சிரித்தேன். பிறகு அது காவியம் இல்லை, ஒப்பந்தம் என்று புரிந்தது. ஆடு சாகும். கோயிலுக்கு அது கவலை இல்லை. மந்தையைப் பெற்றுக்கொண்ட இடையன் எத்தனை செத்தாலும் ஈடுகட்டி, நெய்யை அளந்தாக வேண்டும். தஞ்சைக் கல்வெட்டில் அந்த இடையர்கள் பெயரும், அவர்களுக்குப் பொறுப்பேற்ற உறவினர்கள் பெயரும் வரிசையாக வெட்டப்பட்டிருக்கின்றன. தெய்வத்துக்கு முன்னால் எரிவது சாவில்லாத சுடர். அந்தச் சாவையெல்லாம் தொழுவத்தில் இருப்பவன் வாங்கிக்கொள்கிறான். எங்கள் வேலையில் இதற்கு அப்டைம் என்று பெயர். சர்வர் விழவே கூடாது என்று வாடிக்கையாளரிடம் கையெழுத்துப் போடுபவர் ஒருவர், ராத்திரி மூன்று மணிக்குப் போன் அடித்தால் எழுந்திருப்பவர் இன்னொருவர். நான் ஐந்து வருடம் அந்த இன்னொருவராக இருந்திருக்கிறேன். நந்தா விளக்கைச் சோழர்களின் பக்திக்கு உதாரணமாகக் காட்டும் கட்டுரையைப் படிக்கும்போது எனக்கு அந்தப் பெயர்ப் பட்டியல்தான் ஞாபகம் வருகிறது. குறைந்தபட்சம் பெயரையாவது கல்லில் வெட்டினார்களே என்றும் தோன்றும்.

பெரியபுராணம் இந்தக் கணக்கின் மறுபக்கம். சேக்கிழார் 12ஆம் நூற்றாண்டில் எழுதுகிறார், கோயில்களில் ஆட்டுக் கணக்கு நடந்துகொண்டிருந்த காலம். அவருடைய கதைகளில் எண்ணெய் தீர்ந்துபோகிறது. கணம்புல்லர் புல் விற்று நெய் வாங்குகிறார், புல் விற்காத நாளில் புல்லையே எரிக்கிறார், அது போதாமல் தலைமுடியை எரிக்கிறார். நமிநந்தி அடிகள் நெய் கேட்டுப் போன வீட்டில் கேலி செய்கிறார்கள், தண்ணீரில் விளக்கு எரிகிறது. தண்ணீர் அற்புதத்தில் எனக்கு ஈடுபாடு இல்லை. எண்ணெய்ப் பிரச்சினையைத் தீர்ப்பதற்குப் பதில் ரத்து செய்துவிடுகிறது அது.

கலிய நாயனார் கதை வேறு வகை. திருவொற்றியூர்ச் செக்கு வணிகர். எண்ணெய்க்கே பிறந்தவர். செல்வம் போனபின் அடுத்தவர் செக்கில் கூலிக்கு நிற்கிறார். அந்தக் கூலியும் நிற்கிறது. வீட்டை விற்கிறார். கடைசியில் மனைவியை விற்கத் தெருத் தெருவாகப் போகிறார், வாங்க ஆளில்லை. பிறகுதான் கழுத்தை அறுத்து ரத்தத்தை அகலில் விடத் துணிகிறார், இறைவன் கையைப் பிடிக்கிறான். இவ்வளவு கச்சிதமாக ஒரு தொழில் சரிந்து விழுவதை, முதலாளி கூலியாகி, கூலியும் இல்லாமல் போவதை, நம் பழைய இலக்கியத்தில் நான் வேறெங்கும் படித்ததில்லை. ஆனால் அந்த மனைவி? ஒரு விளக்குக்கான எரிபொருள் பட்டியலில் வீட்டுக்கும் ரத்தத்துக்கும் நடுவே ஒரு பெண் வருகிறாள், அவள் என்ன நினைத்தாள் என்று கேட்க அந்தக் கதை நிற்பதில்லை. இறைவன் பிடித்தது கணவனின் கையை. அவளைத் தெருவில் கூட்டிக்கொண்டு போனபோது பிடிக்கவில்லை. காலம் அப்படி என்று இதைக் கடந்துபோகும் விமர்சனம் எனக்கு ஒப்பவில்லை. முல்லைப்பாட்டில் விளக்குக்கு நெய் ஊற்றிய பெண்ணின் இடுப்பில் வாள் இருந்தது. பல நூற்றாண்டு கழித்து அவளே எண்ணெய் ஆக்கப்படுகிறாள்.

சீமெண்ணெய் கொடுத்த அந்த வீட்டுத் தோழனிடம் இதையெல்லாம் ஒருநாள் பேசிக்கொண்டிருந்தேன். "குர்ஆன்லயும் விளக்கு இருக்குடா, எண்ணெயோட" என்றான். நூர் அத்தியாயத்தின் 35ஆவது வசனம். இறைவனின் ஒளிக்கு உவமை: ஒரு மாடக்குழி, அதில் விளக்கு, விளக்கைச் சுற்றிக் கண்ணாடி, நட்சத்திரம் போல மின்னும் கண்ணாடி. அதற்கு ஒலிவ மரத்தின் எண்ணெய், அந்த மரம் கிழக்குக்கும் உரியதில்லை மேற்குக்கும் உரியதில்லை. நெருப்புப் படாமலேயே ஒளிர்ந்துவிடும் போன்ற எண்ணெய். உவமை சுடரில் நிற்காமல் உள்ளே உள்ளே போய் எண்ணெயில் முடிவதைப் பார்த்து எனக்குச் சிலிர்த்துவிட்டது. "எங்கம்மா குடுத்த சீமெண்ணெய் அந்த ரகம்தான்" என்றான் அவன். பயலுக்கு எப்போதும் கடைசி வார்த்தை தன்னுடையதாக இருக்க வேண்டும்.

வள்ளலாரை விட்டுவிட்டுப் போக முடியாது. வடலூர் என்றால் ஏழு திரைக்குப் பின்னால் தெரியும் ஜோதிதான் எல்லோருக்கும் நினைவு. ஆனால் ஞானசபை கட்டி முடிந்து ஜோதி ஏற்றப்பட்டது 1872இல். தருமச்சாலையின் அடுப்பு மூட்டப்பட்டது 1867இல். அடுப்பு முதலில், விளக்கு பிறகு. இரண்டும் அணையக்கூடாத நெருப்புகள், ஒன்றில் சோறு வேகிறது. அவரை ஜோதியின் கவிஞராக மட்டும் வாசிப்பவர்கள் இந்த ஐந்து வருட இடைவெளியை யோசித்துப் பார்க்கலாம்.

நவீன காலத்தில் விளக்கைப் பராமரிப்பவருக்குத் தமிழில் கிடைத்த மிகப் பிரபலமான பாத்திரம் எது? சிரிக்காதீர்கள். 1984இல் வந்த 'வைதேகி காத்திருந்தாள்' படத்தின் ஆல் இன் ஆல் அழகுராஜாதான். வாடகைக்குப் பெட்ரோமாக்ஸ் கொடுக்கும் சைக்கிள் கடைக்காரர். மேன்டில் எப்படி எரிகிறது என்று கேட்டு செந்தில் அதை உடைத்துவிடும் காட்சி, விளக்கை வியப்பவனுக்கும் அதற்குச் செலவு செய்தவனுக்கும் நடக்கும் சண்டை. அந்த மேன்டிலுக்கும் ஒரு கதை உண்டு. ஆஸ்திரியாவின் அவுவர் ஃபொன் வெல்ஸ்பாக் கண்டுபிடித்த அந்த வலையை வெள்ளையாக ஒளிரவைப்பது தோரியம். அது கிடைப்பது மோனசைட் மணலில். 1909இல் ஷோம்பர்க் என்ற ஜெர்மானியர் அந்த மணலைத் திருவிதாங்கூர்க் கரையில் கண்டார், மணவாளக்குறிச்சியில் அள்ளத் தொடங்கினார்கள். யவனரின் பாவை விளக்கு இங்கே வந்தது என்று பெருமைப்படுகிறோம். நம் கடற்கரை மணல் ஐரோப்பியரின் தெரு விளக்குகளில் எரியப் போனதை யாரும் பாட்டில் வைக்கவில்லை.

தெரு விளக்கு என்றால் புதுமைப்பித்தன். 1930களில் எழுதிய 'தெரு விளக்கு' இரண்டு நிமிடத்தில் படித்துவிடக்கூடிய கதை. கல்கம்பம் சாய்ந்துவிட்டது, ஒரு பக்கக் கண்ணாடியைப் பையன் ஒருவன் கல்லால் உடைத்துவிட்டான். கிழட்டு விளக்கு. அதற்குத் துணை ஒரு கிழவன். விளக்கை அகற்றுகிறார்கள், கிழவன் செத்துப்போகிறான், மின்சார விளக்கு வருகிறது, கீழே குழந்தைகள் விளையாடுகிறார்கள். இதில் ஒளிக்கு ஒரு மகத்துவமும் இல்லை. சாவா மூவா என்று ஆயிரம் வருடம் சொல்லிக்கொண்டிருந்த விளக்குக்குப் புதுமைப்பித்தன் மூப்பும் சாவும் கொடுத்துவிட்டார். அதைவிட முக்கியம், புதிய விளக்கின் கீழ் விளையாடும் குழந்தைகளை அவர் குறை சொல்லவில்லை. பழைய விளக்குக்காகக் கண்ணீர்விடச் சொல்லியிருந்தால் இந்தக் கதை என்றோ செத்திருக்கும். விளக்கைப் பற்றி நான் எழுதிய கட்டுரைக்கும் இந்தக் கதைக்கும் உள்ள தூரத்தை அளந்து பார்த்த அன்றுதான் அதை நீக்கினேன்.

சித்தையன்கோட்டை வீட்டில் அந்த மாடக்குழி இன்னும் இருக்கிறது. மேல் விளிம்பில் கரி படிந்திருக்கும், எத்தனை வெள்ளை அடித்தாலும் மேலே ஊறி வந்துவிடும். இப்போது அதில் வைஃபை ரவுட்டர் இருக்கிறது. கீழே இன்வெர்ட்டர், அதன் பேட்டரி. அப்பத்தாவுக்கு எண்பது தாண்டிவிட்டது, கண்ணில் புரை. ஆனால் பேட்டரியின் மிதவை கீழே இறங்கிவிட்டதா என்று விரலால் தடவிப் பார்த்துத் தெரிந்துகொள்ளும். போன வாரம் நான் நெடுநல்வாடையைத் திறந்துவைத்துக்கொண்டு இந்தக் கட்டுரைக்குக் குறிப்பெடுத்துக்கொண்டிருந்தபோது போன் வந்தது.

"டேய், பேட்டரிக்குத் தண்ணி ஊத்தணும். எப்ப வர்றவன்?"